மாமியார் மறுபடி பார்த்தபோது: ஐரிஸ் மர்டாக்கின் பணிவாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. பெண் நல்லவள்தான், மனசில் கள்ளம் இல்லை. ஆனால் நாசூக்கு போதாது. வெடுக்கென்று பேசுகிறாள். எடுத்த எடுப்பிலேயே உரிமை கொண்டாடுகிறாள். கல்யாணம் ஆன பிறகும் சிறுபிள்ளைத்தனம் போகவில்லை. அவள் பேசும் தினுசும் உடுத்தும் விதமும்கூட உறுத்துகின்றன. மகன் தராதரம் பார்க்காமல் கட்டிக்கொண்டுவிட்டான் என்பது மாமியாரின் எண்ணம். ஆனால் இதில் ஒன்றையும் அவர் வெளியே காட்டுவதில்லை. நடத்தையில் ஒரு குறை சொல்ல முடியாது.

(எங்கள் வீட்டில் இது நடக்காது. டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தத்திலேயே சேதி போய்ச் சேர்ந்துவிடும். ஆனாலும் கதைக்காக அப்படியே வைத்துக்கொள்வோம்.)

காலம் போகிறது. மகனும் மருமகளும் வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அல்லது அந்தப் பெண் இறந்தே போய்விட்டாள். மாமியார் தன்னையே விசாரிக்கத் தொடங்குகிறார். நான் பழைய காலத்து மனுஷி. குறுகிய புத்தி இருக்கலாம், அந்தஸ்து பார்க்கிற குணம் இருக்கலாம், பொறாமை நிச்சயமாக இருக்கிறது. சரி, மறுபடி ஒருமுறை பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க, நாகரிகமில்லாதவள் என்று நினைத்தவள் வேஷம் போடத் தெரியாதவளாகத் தெரிகிறாள். கூச்சல் என்று பட்டது கலகலப்பு. சிறுபிள்ளைத்தனம் என்று பட்டது இளமை.

வெளியே ஒரு துரும்பும் அசையவில்லை. மருமகளுக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. இறந்தவளுக்கு எப்படிப் போகும்? அப்படியென்றால் இந்த மாமியார் ஏதாவது செய்தாரா, இல்லையா?

வேல்ஸின் வடக்கே பாங்கரில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் ஐரிஸ் மர்டாக் 1962-இல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்து, 1964-இல் அச்சான கட்டுரையில் வருகிற கதை இது. மாமியாருக்கு எம், மருமகளுக்கு டி என்று ஒற்றை எழுத்துகளைப் பெயராக வைத்தார். மர்டாக்கை நாவலாசிரியராகத்தான் பலருக்கும் தெரியும்: 26 நாவல்கள், 1978-இல் புக்கர் பரிசு. நான் இங்கே எடுத்துக்கொள்வது 1948 முதல் 1963 வரை ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆன்ஸ் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை. அந்தப் பணிவாழ்க்கையில் ஒரு விசித்திரம் உண்டு. 1963-இல் வேலையை விட்டார். துறையில் அவர் பெயரை நிலைக்கவைத்த மூன்று கட்டுரைகளும் அச்சேறியது அதற்குப் பிறகு; புத்தகமானது 1970-இல். பட்டியலாகப் பார்த்தால் பாதியில் முறிந்த வாழ்க்கை மாதிரித் தெரியும். முறியவில்லை என்பது என் கட்சி.

கடைக்குப் போகும் மனிதன்

1919 ஜூலை 15-இல் டப்ளினில் பிறந்து, கைக்குழந்தையாகவே லண்டனுக்கு வந்தவர். 1938-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். மறு வருஷம் போர். ஆண்கள் ராணுவத்துக்குப் போனார்கள், வகுப்புகளில் இடம் காலியானது. அப்போது தத்துவம் படித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் மர்டாக், பிலிப்பா ஃபுட், மேரி மிட்ஜ்லி, எலிசபெத் ஆன்ஸ்கம். பின்னாளில் மிட்ஜ்லி இதை வெளிப்படையாகவே சொன்னார்: வகுப்பில் ஆண்கள் குறைவாக இருந்ததால்தான் எங்கள் குரல் கேட்டது என்று.

1942-இல் முதல் வகுப்பில் தேறினார். நேராகக் கருவூலத்துறையில் வேலை. அப்புறம் ஐக்கிய நாடுகளின் அகதி நிவாரண அமைப்பில் சேர்ந்து, பெல்ஜியத்திலும் ஆஸ்திரியாவிலும் வீடிழந்தவர்களுக்கு நடுவே வேலை செய்தார். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரை பிரஸ்ஸல்ஸில் சந்தித்தது அப்போதுதான். அமெரிக்காவில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. 1938-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்ததால் விசா கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே தத்துவம் கற்பித்த விட்கென்ஸ்டைன் பேராசிரியர் பதவியைத் துறந்துகொண்டிருந்த நேரம் அது. சந்திக்க முடிந்தது, பாடம் கேட்க முடியவில்லை. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார், ஆசிரியராக.

அகதி முகாமிலிருந்து வந்தவருக்கு அன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அறவியல் எப்படி இருந்திருக்கும்? ஏயர் என்ற தத்துவவாதி 1936-லேயே சொல்லிவிட்டார்: 'இது நல்லது' என்பது உண்மையோ பொய்யோ ஆகக்கூடிய வாக்கியம் அல்ல, பேசுகிறவரின் உணர்ச்சி வெளிப்பாடு. இன்னொரு தத்துவவாதி ஹேர் 1952-இல் அதைத் திருத்தி, அறச்சொற்கள் ஒருவகைக் கட்டளை என்றார். எனக்கு விதிப்பதை அதே நிலையில் இருக்கும் எல்லோருக்கும் விதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றாமவர் ஹாம்ப்ஷயர் 1959-இல் எழுதிய புத்தகத்தில் செயலும் தெரிவும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டன. நிஜம் என்று ஒன்று இருந்தால் அதை நாலு பேர் பார்க்க முடிய வேண்டும். மனசுக்குள் நடப்பது வெளிச்செயலின் நிழல்தான் என்பது அவர் நிலை.

மூன்று பேரும் ஒரே ஆள் அல்ல. ஆனால் மூன்றிலும் ஒரே சித்திரம் இருப்பதாக மர்டாக்குக்குப் பட்டது. அதைக் கடைக்குப் போவதோடு ஒப்பிட்டார். உள்ளே நுழைகிறேன். சாமான்களின் தன்மையை நிதானமாக எடைபோடுகிறேன். ஒன்றை எடுக்கிறேன். அந்த எடுக்கும் கணம்தான் அறம். சாமான் எல்லோர் கண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவர் ஒரு காலத்தில் மயங்கிய சார்த்தரும் இதே கடையில்தான் நிற்கிறார் என்பது அவர் கண்டது. 1953-இல் வந்த அவருடைய முதல் புத்தகமே சார்த்தரைப் பற்றியதுதான். ஆங்கிலத்தில் அந்தப் பொருளில் வந்த ஆரம்பகால நூல்களில் ஒன்று. பாரிஸில் வேதனையோடு தெரிவு செய்தார்கள், ஆக்ஸ்ஃபோர்டில் டீ குடித்துக்கொண்டே செய்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். (டீ நான் சேர்த்தது.)

மாமியார் கதை இந்தக் கடையைக் குறிவைத்து எழுதப்பட்டது. மருமகளைக் கதையிலிருந்து அப்புறப்படுத்தியதும் அதற்காகத்தான். அவள் எதிரே இருந்தால், மாமியாரின் மாற்றம் ஏதோ ஒரு புன்னகையில், ஒரு புடவையில் வெளிப்பட்டுவிடும். பார்த்தீர்களா, செயல் இருக்கிறது என்று எதிர்க்கட்சி சொல்லிவிடும். அந்த வழியை மூடிவிட்டார். செயல் இல்லை, சாட்சி இல்லை. ஆனாலும் ஏதோ நடந்திருக்கிறது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, உழைப்போடு. தெரிவு செய்யும் கணம் வந்து நிற்கும்போது தெரிவின் பெரும்பகுதி முன்பே முடிந்துபோயிருக்கும் என்பது அவர் எட்டிய முடிவு. அதுவரை எதை எப்படிப் பார்த்தோமோ, அதுவே நம் முன்னால் என்னென்ன சாமான் இருக்கிறது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

1956-இலேயே அரிஸ்டாட்டில் சங்கக் கருத்தரங்கில் தத்துவவாதி ரொனால்டு ஹெப்பர்னும் அவரும் ஒரே தலைப்பில் கட்டுரை வாசித்தார்கள். தலைப்பே பார்வையும் தெரிவும் என்பதுதான். ஹெப்பர்ன் பிற்பாடு இயற்கை அழகைத் தத்துவம் கைவிட்டுவிட்டது என்று எழுதி, அழகியலில் ஒரு தனிக் கிளைக்கே வித்திட்டவர். அறத்தைப் பற்றிப் பேச வந்த இருவருக்குமே அடுத்த வாசல் அழகு என்று ஆனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜன்னலுக்கு வெளியே

1967-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் இன்னொரு காட்சி வருகிறது. ஜன்னலோரம் நிற்கிறேன். மனசு கொதிக்கிறது. யாரோ என் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள், அதையே அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். திடீரென்று கெஸ்ட்ரல் ஒன்று கண்ணில் படுகிறது. வல்லூறு இனத்தைச் சேர்ந்த சின்னப் பறவை அது. காற்றை எதிர்த்துச் சிறகடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. காயம்பட்ட 'நான்' காணாமல் போய், பறவை மட்டும் இருக்கிறது. பிறகு பழைய விஷயத்துக்குத் திரும்பினால், அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு 'இயற்கையை ரசியுங்கள், மன அழுத்தம் குறையும்' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மர்டாக் சொல்வது அதைவிடக் கறாரானது. நம் மனம் பெரும்பாலும் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பகற்கனவில்தான் ஓடுகிறது. கொழுத்த, விடாப்பிடியான ஓர் அகந்தை உலகத்துக்கும் நமக்கும் நடுவே திரை போடுகிறது. அந்தத் திரை விலகுகிற எந்த இடமும் அறத்தோடு சம்பந்தப்பட்ட இடம்தான். பறவை அதில் மிகச் சுலபமான படி. அடுத்த படிக்கு அவர் தருகிற உதாரணம் ரஷ்ய மொழி படிப்பது. இலக்கணம் என் ஆசைக்கு வளையாது. எனக்கு வெளியே ஒன்று இருக்கிறது, அதற்கு நான்தான் பணிய வேண்டும். அதற்கும் மேலே கலை.

கலையில்தான் அவர் ரொம்பக் கண்டிப்பு. பெரும்பாலான கலை தேறுதல் சொல்லும் பகற்கனவுதான், கெட்ட கலை அகந்தைக்குத் தீனிதான் என்று தயங்காமல் எழுதினார். நல்ல கலை அபூர்வம்: ஷேக்ஸ்பியரின் மனிதர்கள், டால்ஸ்டாயின் மனிதர்கள், வெலாஸ்கெஸ், டிஷியனின் ஓவியங்கள். எதையும் தனக்காக வளைக்காத பார்வை அங்கே இருக்கிறது. 1959-இல் எழுதிய கட்டுரையில் கலைக்கும் அறத்துக்கும் சாரம் ஒன்றே, அது அன்பு என்றார். அன்பு என்றால் என்ன? தன்னைத் தவிர வேறொன்றும் நிஜமாக இருக்கிறது என்பதை உணர்வது. அது மிக மிகக் கடினம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் டாம் பிலிப்ஸ் 1984-86-இல் வரைந்த மர்டாக்கின் ஓவியம் இருக்கிறது. முகம் நம்மைப் பார்க்கவில்லை. சற்றே மேலே, எங்கோ. அவருக்குப் பின்னால் தெரிவது டிஷியனின் ஓவியம்: கிரேக்கக் கடவுள் அப்பல்லோவோடு இசைப்போட்டியில் தோற்ற மார்சியாஸைத் தலைகீழாகக் கட்டித் தோலை உரிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஜின்க்கோ செடி. கொடூரமும் அழகும் ஒரே திரையில் இருக்கிற அந்த டிஷியன் படம் மர்டாக்குக்கு எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது. அழகு என்றால் இதமானது என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'பார்ப்பது' என்பதற்கு அவர் பயன்படுத்திய 'அட்டென்ஷன்' என்ற சொல்லை ஸிமோன் வெய்யிடமிருந்து எடுத்துக்கொண்டார். போர்க்காலத்தில், 1943-இல், இங்கிலாந்தில் 34 வயதில் இறந்துபோன பிரெஞ்சுச் சிந்தனையாளர் அவர். வெய்யின் குறிப்பேடுகள் ஆங்கிலத்தில் வந்தபோது மர்டாக் மதிப்புரை எழுதினார், அதற்குப் பிறகு அந்தச் சொல் அவரை விடவில்லை. தமிழில் அதைக் 'கவனம்' என்று போடுவது வழக்கம். எனக்கு அது ஒட்டவில்லை. கவனம் என்றதும் 'கவனமாகப் போ, வண்டி வருது' என்பதுதான் காதில் விழுகிறது. குறளின் 58-ஆம் அதிகாரத்துக்கு வைத்த பெயர் இருக்கிறதே, கண்ணோட்டம், அதுதான் நெருங்கி வருகிறது. இன்று அந்தச் சொல்லை 'அரசியல் கண்ணோட்டம்', 'என் கண்ணோட்டத்தில்' என்று ஆளாளுக்கு ஒரு கோணமாகத் தேய்த்துவிட்டோம். வள்ளுவரிடம் அது கண் போய் ஒருவர்மேல் படிவதால் வரும் இரக்கம். பாட்டோடு இசையாத பண் எதற்கு, கண்ணோட்டம் இல்லாத கண் எதற்கு என்று அவர் கேட்கும் இடத்தில் இசையும் அறமும் பக்கத்துப் பக்கத்து அடிகளில் உட்கார்ந்திருக்கின்றன. மர்டாக்குக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருக்கலாம்.

1963

வேலையை விட்ட பிறகு அவர் போன இடம் லண்டனில் இருக்கும் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். பகுதிநேர விரிவுரையாளர், பொதுப்பாடப் பிரிவில். நான்கு வருஷம், 1967 வரை. தத்துவப் பட்டம் வாங்க வந்தவர்கள் அல்ல அவருடைய மாணவர்கள். வரையவும் வடிவமைக்கவும் வந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர் ஒருவருக்கு இது பதவி இறக்கம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

எழுத நேரம் வேண்டும் என்பது உண்மை. 1954-இல் முதல் நாவல் வந்ததிலிருந்து அவர் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நேரத்துக்காக மட்டும் என்றால் தத்துவத்தையும் விட்டிருக்கலாமே? விடவில்லை. தன் துறையில் பேச முடியாத பேச்சைத்தான் வெளியே எடுத்துப்போனார். ஆக்ஸ்ஃபோர்டில் அறவியல் ஒரு பாடம், அழகியல் இன்னொரு பாடம். அதுவும் ஓரத்தில் வைத்த பாடம். 'நல்லது' என்ற சொல் வாக்கியத்தில் எப்படி வேலை செய்கிறது என்று அலசும் இடத்தில், ஓர் ஓவியத்தின் முன் நிற்பதும் மருமகளைப் பற்றி மனசை மாற்றிக்கொள்வதும் ஒரே வேலை என்று சொன்னால், அதை வைக்க அலமாரி இல்லை. கலைக்கல்லூரியில் அந்த அலமாரிப் பிரச்சினையே எழவில்லை. பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அங்கே வாதிட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. பென்சிலைக் கையில் எடுத்தவர்களுக்கு அது தெரியும்.

1970-இல் மூன்று கட்டுரைகளும் நூறு பக்கத்துச் சொச்சப் புத்தகமாக வந்தன. ஹாம்ப்ஷயருக்கே அதைச் சமர்ப்பித்தார். முதல் கட்டுரை முழுக்க அவரோடுதான் சண்டை. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது.

பிளேட்டோவின் கதவு

ஆனால் அவர் கொண்டாடிய தத்துவஞானி தன் கற்பனை நகரத்திலிருந்து கலைஞர்களை விரட்டியவர். பிளேட்டோவுக்குக் கலை என்பது நிழலின் நிழல். அவருடைய குகைக் கதையில் வருகிற மாதிரி, குகைக்குள் எரியும் நெருப்பைச் சூரியன் என்று நம்பவைக்கும் வித்தை. 26 நாவல் எழுதியவர் இதை எப்படிச் சமாளிப்பது? 1976-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ரோமனஸ் உரைக்கு இதையே பொருளாக எடுத்தார். அடுத்த வருஷம் புத்தகமானது. பிளேட்டோ சொன்ன குற்றச்சாட்டில் பெரும்பகுதியை அவர் ஒப்புக்கொண்டுவிடுகிறார் என்பதுதான் அதில் வேடிக்கை. ஆமாம், கலை மயக்குகிறது. ஆமாம், பாதி வழியில் நிற்பவனை உச்சிக்கு வந்துவிட்டதாக நம்பவைக்கிறது. ஆனாலும் உண்மையைப் பார்க்கச் சாதாரண மனிதனுக்குக் கையில் கிடைக்கிற பயிற்சி அதுதான் என்று கடைசியில் வந்து நிற்கிறார். 1980-இல் இதே வாதத்தை ஓர் உரையாடலாக எழுதி, லண்டன் தேசிய நாடக அரங்கில் நடித்தும் காட்டினார்கள்.

1982-இல் எடின்பரோவில் கிஃபர்டு உரைகள் என்னும் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அவை புத்தகமாகப் பத்து வருஷம் பிடித்தது. 1992-இல் வந்த 500 பக்கத்துக்கு மேற்பட்ட அந்தப் புத்தகம், நேர்மையாகச் சொன்னால், கரடுமுரடானது. ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார், பிடிவாதமாகத் தொகுக்க மறுக்கிறார். 1970-இன் சின்னப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அதுவே போதும் என்பேன்; மிச்சம் இருக்கிற ஆர்வத்துக்குப் பெரியது.

கடைசி நாவல் 1995-இல். அல்சைமர் என்னும் மறதிநோய் 1997-இல் கண்டறியப்பட்டது. 1999 பிப்ரவரி 8-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். 2005-இல் பீட்டர் கெரார்டும் சக ஆய்வாளர்களும் அவருடைய முதல் நாவல், 1978-இன் நாவல், கடைசி நாவல் மூன்றையும் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். நோய் தெரிவதற்கு முன்பே கடைசி நாவலின் சொல்வளம் சுருங்கியிருந்தது. வாக்கிய அமைப்பு பெரிதாகச் சிதையவில்லை.

யார் மறுபடி பார்ப்பது?

தத்துவத் துறை அவரிடம் மெதுவாகத்தான் வந்தது. ஜான் மெக்டவல் 1970-களின் இறுதியில் அறம் என்பது விதியைப் பொருத்துவதைவிடச் சூழலைச் சரியாகக் காண்பதோடு சேர்ந்தது என்று எழுதியபோது மர்டாக்குக்குக் கடன்பட்டிருந்தார். லாரன்ஸ் பிளம், கோரா டயமண்ட், சார்ல்ஸ் டெய்லர் என்று பட்டியல் நீண்டது. போர்க்காலத்து நான்கு பெண்களைப் பற்றியும் அண்மையில் கூட்டு வரலாறுகள் வந்திருக்கின்றன. மாமியார்-மருமகள் உதாரணம் இன்று அறவியல் வகுப்புகளில் அடிபட்டுத் தேய்ந்த நாணயம்.

எதிர்ப்புகளும் உண்டு. பழைய எதிர்ப்பு: சிம்பனி கேட்டு உருகியவர்கள் வதைமுகாமும் நடத்தினார்களே. மர்டாக் இதற்கு அசரமாட்டார். அவர்கள் இசையைத் தங்கள் பகற்கனவுக்குத் தீனியாகக் கேட்டார்கள் என்பார். இது கொஞ்சம் வசதியான பதில். திருந்தாதவன் சரியாகப் பார்க்கவில்லை என்று எப்போதும் சொல்லிவிடலாம். இன்னொன்று: அறத்தைப் பற்றி எழுதியவர் வாழ்க்கையில் எப்படி? 2015-இல் வெளியான கடிதத் தொகுப்பு, ஒரே காலத்தில் பல காதல்களும் சில காயங்களும் என்று, அந்தக் கேள்விக்கு நிறையத் தீனி போட்டது. அகந்தை எவ்வளவு விடாப்பிடியானது என்று எழுதியவருக்கு அது எங்கிருந்து தெரிந்தது என்பதற்கு அந்தக் கடிதங்கள் பதில் சொல்கின்றன என்பதோடு நான் விட்டுவிடுகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. 'மறுபடி பார்' என்று நம் வீடுகளில் யாரிடம் சொல்கிறார்கள்? மாமியாரிடமா? 'அவங்க அப்படித்தான், மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க, நீதான் புரிஞ்சுக்கணும்' என்று மருமகளிடம் சொல்கிறார்கள். கீழே இருப்பவள் மறுபடி பார்த்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அனுசரித்துப் போவது. அன்பு நிறைந்த பார்வை என்ற பெயரில் ஓர் அநியாயத்தை விழுங்கவைக்க முடியும். மர்டாக்கின் கட்டுரையில் இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது, பலரும் கவனிக்காத பாதுகாப்பு: பார்வை அன்பானதாக மட்டும் இருந்தால் போதாது, நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறார். மாமியார் தொடங்கும் இடமும் மருமகளின் நற்குணங்கள் அல்ல, தன் பொறாமை, தன் அந்தஸ்துப் புத்தி. மேலே இருப்பவர் தன்னைப் பரிசோதிப்பதாகத்தான் கதை கட்டப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் வாதம் அப்படியே நிற்குமா என்று அவர் சோதித்துப் பார்க்கவில்லை. தர்க்கத்துக்காக மருமகளைக் கப்பலேற்றிவிட்டார், அல்லது கொன்றுவிட்டார்.

கட்டுரையில் எம் தனக்குள் பேசுகிறார், தன்னைத் திட்டிக்கொள்கிறார், திருத்திக்கொள்கிறார். டி கடைசிவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.